தண்ணீர் கேட்காத புல்

“பாக்குறவனுக்கு நல்லாத் தண்ணி குடிச்சு வளந்த மாதிரி தெரியணும். ஆனா குடிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு இருக்காண்ணே?” என்று கேட்டார் சூரியபிரகாஷ்.

நர்சரிக்காரர் பேச்சிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷமாகப் புல் விற்கிறார். புல்லுக்கு இப்படி ஒரு லட்சணம் கேட்டு யாரும் வந்ததில்லை.

“மெக்சிகன் புல்லு மெத்தை மாதிரி இருக்கும். ஆனா நாலு நா தண்ணி காட்டலேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிரும். நீங்க பெர்முடா புல்லு போடுங்க. வேரு ஆழமா எறங்கிரும். ஒரு மாசம் பாத்து வளத்துட்டா, அப்புறம் வாரம் ஒருக்கா தெளிச்சாப் போதும்.”

சூரியபிரகாஷ் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

பேரையூர் ரோட்டில் அவருக்கு முப்பது சென்ட் இடமும் ஒரு சின்ன வீடும் இருந்தன. தண்ணீரைத் தவிர மற்ற எல்லா வசதியும் உண்டு. எண்ணூறு அடி போர் புழுதியைக் கக்கிவிட்டு ஓய்ந்துவிட்டது. இடம் வாங்க வந்த மூன்று பேரும் அதை எட்டிப் பார்த்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள்.

“இன்னொரு கோடைக்கு லாரித் தண்ணிக்குக் குடத்தத் தூக்கிட்டு நிக்க மாட்டேன். வைகாசிக்குள்ள விக்கலேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்” என்று மனைவி முனீஸ்வரி கெடு வைத்திருந்தாள். சொன்னால் செய்கிற ஆள். “உள்ளதச் சொல்லித்தான் வித்துப் பாருங்களேன்” என்றும் ஒருதரம் சொன்னாள். உண்மையைச் சொல்லி இடம் விற்றவன் ஒருத்தனைக் காட்டு என்று கேட்டு அவள் வாயை அடைத்தார்.

புல் வேர்பிடித்தது. அந்த ஒரு மாசத்துக்கு முனீஸ்வரி குடிக்கப் பிடித்து வைத்த குடங்களும் அதற்கே போயின. அக்னி நட்சத்திரத்தில் ஊரே வறுபட்டுக் கிடக்க, அவர் வாசல் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது.

சோழவந்தானிலிருந்து மிளகாய் வத்தல் வியாபாரி அருள்பாண்டி வந்தார். காரை விட்டு இறங்கியதும் கேட்டார்: “இங்க தண்ணி எப்படிண்ணே?”

இந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் கேட்பது இதைத்தான். சூரியபிரகாஷ் தயாராக இருந்தார்.

“புல்லப் பாத்தாலே தெரியலையா தம்பி? பத்தடியில தண்ணி. அள்ளி மாளாது. மோட்டாருக்குக் காயில் எரிஞ்சுபோச்சு, இல்லேன்னா இப்பவே ஓடவிட்டுக் காட்டியிருப்பேன்.”

அருள்பாண்டி குனிந்து புல்லைத் தடவினார். சுவரின் அடிப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். “மழைக்காலத்துல தரையில கசியுமாண்ணே?”

இவனுக்கு எம்புட்டுத் தண்ணிதான் வேணும் என்று நினைத்த சூரியபிரகாஷ், கஞ்சத்தனம் பார்க்கவில்லை. “கசியுமாவா? பாய விரிச்சுப் படுத்தா, காலையில புழிஞ்சு காயப் போடணும்!”

உள்ளே முனீஸ்வரி பலமாக இருமினாள்.

அருள்பாண்டியின் முகம் தொங்கிப்போனது. “எடம் தோதாத்தான் இருக்கு. ஆனா எனக்குச் சரிப்படாதுண்ணே.”

“ஏன் தம்பி, தண்ணி பத்தாதா?”

“என் குடோன் ஆத்தோரத்துல இருக்குண்ணே. தரையெல்லாம் ஓதம் ஏறி, வத்தல் மூட்டை அம்புட்டும் பூசணம் பிடிச்சுப்போச்சு. தண்ணியே இல்லாத காஞ்ச எடமாத் தேடித்தான் இம்புட்டு தூரம் வந்தேன். அப்படி இருந்தா, கேட்ட வெலைக்கு மேலயே குடுத்திருப்பேன்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சூரியபிரகாஷ் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் காரை மறித்தார்.

“தம்பி, தம்பி! இங்க சொட்டுத் தண்ணி கெடையாது! எண்ணூறு அடியும் காஞ்சு கெடக்கு. மோட்டாரு நல்லாத்தான் இருக்கு. இது தண்ணி கேக்காத புல்லு தம்பி, எங்க குலசாமி மேல சத்தியமா!”

அவர் வாயிலிருந்து இத்தனை உண்மை ஒரே மூச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

அருள்பாண்டி அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே சொன்னார்:

“எடத்த விக்கிறதுக்காக இப்படியாண்ணே பொய் சொல்லுவீங்க?”