நான்கு முதல் ஐந்து வரை

இதனால் இவ்வீட்டின் மனிதர், மிக்ஸி, குக்கர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், செவ்வாய்தோறும் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. தீயணைப்பு வீரர் மடிக்கணினியோடு மனம்விட்டுப் பேசுகிறார். அறிவித்தவள் அவர் மனைவி. துவைத்த சட்டையை மடிக்கிற சாக்கில் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பவளும் அவளே. இடுக்கு வழியே பார்த்தால் திரையின் நீல வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்து கிடக்கிறது. திரையிலிருக்கும் டாக்டரம்மா ஒருமுறை தலையசைத்தால் போதும், இவர் கொட்டுகிறார்: "இடிஞ்ச கட்டடத்துக்குள்ள கத்திக்கிட்டிருந்தவங்க சத்தம் பட்டுனு நின்னுபோச்சு டாக்டர். அதுலேருந்து அமைதின்னாலே நடுங்குது." இரண்டு வருடமாக இவள் கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். வயிறு எரிய, அதே சட்டையை நான்காவது முறையாக மடிக்கிறாள். "அப்போ உங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர்றது எது?" என்று கேட்கிறார் டாக்டரம்மா. "என் வீட்டுக்காரி சமையல்கட்டுல பாத்திரத்தை உருட்டுவா. அதைக் கேட்டாத்தான் வீட்ல இருக்கோம்னு உயிரே வரும். இந்த ஒரு மணி நேரம் மட்டும் அவ சத்தமே போடுறதில்ல டாக்டர்." சட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டு விடுவிடுவென்று சமையலறைக்குப் போகிறாள். அந்த அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று பெரிய கரண்டியைத் தரையில் ஓங்கிப் போடுகிறாள். கரண்டி வளைந்துவிடுகிறது.