கொல்லை மண்

பிளெஸ்ஸி உறையை வாங்க முன்னே வந்தாள். மண் ஆய்வுக்கூடத்து ஊழியர் கதிரேசன், உறையை அவளிடம் தராமல் நேரே மாமனார் ஞானமணியிடம் நீட்டினார்.

ஞானமணி பண்ணைக் கொய்யாக் கன்றுக்கு விராலிமலைப் பக்கம் தனி மதிப்பு. "எங்க அப்பா கொல்லை மண்ணைக் குறை சொல்றவன் என் வாசலை மிதிக்கக் கூடாது" என்பார். மகனை, பிளெஸ்ஸியின் கணவன் செம்மலையும் அப்படியே வளர்த்திருந்தார். கன்றுப் பைகளில் அந்த மண்ணைத் தவிர வேறெதுவும் நிரப்ப விடமாட்டார். போன மாதம் வாடிய கன்றொன்றைப் பிடுங்கிப் பார்த்த பிளெஸ்ஸி, வேரெல்லாம் முடிச்சாக இருக்கக் கண்டு, யாருக்கும் தெரியாமல் அந்த மண்ணைச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள்.

"என்ன தம்பி, முடிவு எப்படி?"

"வேரைக் கெடுக்குற நூற்புழு நெறைய இருக்குங்க ஐயா. கழுவுன தென்னை நார்க்கழிவுல மண்புழு உரம் கலந்து பையை நிரப்புங்க. இந்த மண்ணு போனா, நடுற தோட்டமும் கெட்டுப்போகும்."

வாசலில் ஆயிரம் கன்றுகளோடு வண்டி கிளம்ப நின்றது. இன்றோடு தன்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றே பிளெஸ்ஸி நினைத்தாள்.

"ஒரே மண்ணை ஏங்க ரெண்டு பேர்ல அனுப்புனீங்க?" என்று கதிரேசன் இன்னோர் உறையை எடுத்தார். "இது பிளெஸ்ஸி பேர்ல இருக்கு. ஒங்க கையில இருக்குறது ஒங்க பேர்ல வந்தது."

ஞானமணி இரண்டையும் வாங்கிக்கொண்டார். "கன்னையெல்லாம் இறக்குங்கப்பா!" என்று வண்டிக்காரரிடம் கத்தினார். பிறகு மருமகளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, செம்மல்கிட்ட ஒன்னோடதை மட்டும் காட்டு."