கஃபாரின் ரத்தம்

"இனிமே நீ அடுக்களைப் பக்கமே வரப்படாது" என்று சுப்பராமன் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மந்தைவெளியில் அந்தத் தெருவே கொதித்தது. மார்பில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்துகொண்டு, பிழைத்ததே பெரிது என்று வீடு திரும்பியவள் சூடாமணி. அவளிடமா மடி ஆசாரம் பார்ப்பது?

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டபோது, "அப்பா திவசம் வரது. இப்பப் போய் எப்படி?" என்று நழுவிய மனுஷர் இவர். கொடுத்தது, அவருடைய ஆபீசில் வேலை பார்க்கும் அப்துல் கஃபார். இப்போது அந்த ரத்தம் ஏறிய உடம்பு மடிக்கு ஆகாதாம். நன்றாயிருக்கிறது நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடிப் பையோடு கஃபார் நலம் விசாரிக்க வந்தார். சூடாமணி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக்கல்லிலிருந்து மாவுக் கையோடு எழுந்து வந்தார் சுப்பராமன்.

"வாப்பா கஃபார். நீ பண்ணின உபகாரத்தை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். ஆனா ஆசாரம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? இவளை அடுப்பண்டை விட முடியலை. ஆபீஸ்லயே சொன்னேனே, தப்பா நினைச்சுக்காதே."

உள்ளே ரசம் பொங்கி வழியும் சத்தம் கேட்டு ஓடினார்.

கஃபாரின் முகம் சுண்டிப்போயிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமி, சார் சொன்னதுலேருந்து எனக்கு மனசே சரியில்லை. நேத்து ஆஸ்பத்திரில போய் விசாரிச்சேன். உங்களுக்கு ரத்தமே ஏத்தலியாம். தேவைப்படலைன்னு என் பாட்டிலை வேற யாருக்கோ கொடுத்துட்டாங்களாம். இருங்க, இப்பவே சார்கிட்ட சொல்லிடறேன்."

"உக்காருங்கோ பாய். எனக்குத் தெரியும். டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"சும்மா இல்லை. ரத்தம் ஏத்தியாச்சுன்னு இவர்கிட்ட சொன்னதே நான்தான்."

அடுக்களைப் பக்கம் கிளம்பிய கஃபார் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சூடாமணி புடவைத் தலைப்பை விலக்கி, ஆபரேஷன் ஆன பக்கத்து வலது கையைக் காட்டினாள். தோளிலிருந்து விரல் வரை வீங்கிக் கிடந்தது.

"ஆத்துக்கு வந்த மறுநாளே மாவு அரைக்கச் சொன்னார். கையைத் தூக்க முடியலைன்னு அழுதேன். 'மெள்ள அரை, அவசரமில்லை'ன்னார்."

உள்ளே ஆட்டுக்கல்லில் குழவி மறுபடியும் சுழலத் தொடங்கியது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் வலிக்கு இரங்காத மனுஷன், உங்க ரத்தம்னதும் தானே உக்காந்து அரைக்கறார். இந்தக் கை சரியாகற வரைக்குமாவது அது என் உடம்புல ஓடிண்டிருக்கட்டும் பாய்."