புழங்கும் கை

“குண்டூசியம்மா மறுபடியும் சீட்டு அனுப்பியிருக்காங்க டாக்டர்.”

நர்ஸ் நீட்டிய கேஸ் ஷீட்டில், நேற்றைய சீட்டுக்கு மேலேயே இன்னொரு சீட்டு குத்தியிருந்தது. வார்டு டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அந்த அம்மாளுக்கு வேலை கீழ்த்தளத்து ரெக்கார்டு அறையில். டாக்டர்கள் எழுதும் வியாதிகளை எல்லாம் குறியீட்டு எண்களாக மாற்றி இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். நோயாளியின் முகத்தையே பார்க்காமல் நோயைப் பார்க்கும் உத்தியோகம். சந்தேகம் வந்தால் ஒரு சீட்டு எழுதி, குண்டூசியால் குத்தி மேலே அனுப்பிவிடுவார். அவருக்குச் சந்தேகம் வராத நாளே கிடையாது என்பது வார்டின் அபிப்பிராயம்.

“புழங்கும் கை எதுன்னு கேட்டாங்க, வலதுன்னு நேத்தே எழுதிட்டேனே. இப்ப என்னவாம்?”

டாக்டர் சீட்டை வாசித்தார். ‘கையெழுத்துப் போடுவது வலது கையால், சரி. தலை சீவுவது எந்தக் கையால்?’

“என்ன சிஸ்டர் இது, ஆஸ்பத்திரியா சலூனா?”

விஷயம் ஜன்னலோரக் கட்டில் பெரியவரைப் பற்றியது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. கூட யாருமில்லை. கொண்டுவந்து சேர்த்த பக்கத்து வீட்டுக்காரர், “ஒண்டிக்கட்டை. கையெழுத்து வலது கையிலதான் போடுவார்” என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி.

விழுந்தது புழங்காத கை என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் கைப்பயிற்சிக்குச் சம்மதிக்க மாட்டார்கள். நாளைக்கே பெரியவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

டாக்டர் போனை எடுத்தார்.

“மேடம், அவருக்குப் பேச்சு வரலை. கூட ஆளும் இல்லை. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?”

“அவர்கிட்டயே கேளுங்க டாக்டர். கையில ஒரு சீப்பைக் குடுத்துப் பாருங்க.”

“உங்க மனசுல இருக்கறதை நேராச் சொல்லிடுங்களேன்.”

“சொல்லக் கூடாது டாக்டர். கேள்விக்குள்ளேயே பதிலை வெச்சு அனுப்பக் கூடாதுன்னு எங்களுக்கு விதி. நீங்க பாத்து எழுதினாத்தான் நான் எண் போட முடியும்.” குரல் கொஞ்சம் தயங்கியது. “நாளைக்கு அனுப்பிடுவீங்களே, அதான்.”

“இவ்வளவு அக்கறை இருந்தா ஒரு தடவை மேல வந்து பாக்கலாமே மேடம்.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டுவிட்டது.

“அவங்களாவது வர்றதாவது” என்றாள் நர்ஸ். “காலையில லிஃப்ட்ல நானும் அவங்களும்தான் வந்தோம். நம்ம மாடியில கதவு திறந்ததும் ஒரு காலை வெளிய வெச்சாங்க. அப்புறம் என்ன நினைச்சாங்களோ, காலை உள்ள இழுத்துக்கிட்டுக் கீழயே போயிட்டாங்க. நோயாளிங்களைப் பாத்தா அருவருப்பு போல.”

“பின்னே, அந்தப் பெரியவர் மேல பாசம் பொங்கியா கேக்கறாங்க? எல்லாம் பில்லை ஏத்தற வழி சிஸ்டர். உங்க சீப்பைக் குடுங்க, அதையும் பாத்துடுவோம்.”

பெரியவர் வழக்கம்போல வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார். வந்ததிலிருந்து அதே பார்வைதான். யார் நுழைந்தாலும் கண் நிமிரும், ஆளைப் பார்த்ததும் தாழ்ந்துவிடும். பார்க்கிறவர்களுக்கே மனசு என்னவோ செய்யும்.

“ஐயா, தலையைச் சீவிக்கிறீங்களா?”

வலது கையில் வாங்கினார். சீப்பு நெற்றியில் இடித்தது, காதில் மாட்டியது. அலுத்துப்போய்க் கீழே போட்டுவிடுவார் என்று டாக்டர் நினைத்தார்.

போடவில்லை. உயிரில்லாமல் கிடந்த இடது உள்ளங்கையில் சீப்பை வைத்தார். அந்த விரல்களை வலது கையால் மெல்ல மடக்கி மூடினார். அவை திறந்துகொண்டன. மறுபடியும் மடக்கினார்.

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. அவரே அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பெரியவரின் கண் மட்டும் வாசலுக்குப் போய்விட்டது.

கேஸ் ஷீட்டில் திருத்தி எழுதி, அதை அவரே கீழே எடுத்துக்கொண்டு போனார்.

“இடது கைக்காரர்தான் மேடம். எழுத மட்டும் பள்ளிக்கூடத்துல வலது கைக்கு மாத்திவிட்டிருப்பாங்க. இனிமே பயிற்சிக்கு மறுப்புச் சொல்ல முடியாது.”

அந்த அம்மாள் வரிக்கு வரி படித்தார். எண்ணைத் தட்டினார். சரியாக இருக்கிறதா என்று திரும்பவும் பார்த்தார்.

“கை பழையபடி வருமா டாக்டர்?”

“நம்பிக்கை இருக்கு. ஆனா நீங்க பெரிய ஆள்தான். மூஞ்சியைக்கூடப் பாக்காம எப்படிக் கண்டுபிடிச்சீங்க? படிப்பா, அனுபவமா?”

அவர் கேஸ் ஷீட்டிலிருந்த சீட்டுகளின் குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவினார். டாக்டரே தொடர்ந்தார்.

“யாரை எதிர்பாக்கறாரோ பாவம், நாள் பூரா வாசலையே பாத்துக்கிட்டிருக்கார்.”

“வாசலையா?”

“கண்ணை எடுக்கறதே இல்லை.”

அந்த அம்மாள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தார். லிஃப்ட் பக்கம் நாலடி வைத்தவர் நின்று திரும்பினார்.

“அப்பா எனக்குத் தினமும் தலைசீவிப் பின்னல் போட்டது அந்தக் கையாலதான் டாக்டர். ‘வெளியே போ’ன்னு எனக்கு வாசலைக் காட்டினதும் அந்தக் கையாலதான்.”