தள்ளி உட்காரச் சொன்ன மேலாளர்

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களோடு பேசுவது திலோத்தமாவின் வேலை. அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அலுவலகக் கூட்டங்களில் சுவர்த் தொலைக்காட்சியின் மூலையில் தபால்தலை அளவுக்கு அவள் முகம் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் பேச்சு எங்கோ போய்விடும்.

கூட்ட அறையைத் திருத்தி அமைக்க வந்த ஜெபசிங் அந்தத் தொலைக்காட்சியைக் கழற்றிவிட்டு, மேசையருகே ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் ஆள் முகம் இருக்கும் உயரத்தில் ஒரு திரையைப் பொருத்தினார். அன்றைய கூட்டத்தில் தேநீர் கொண்டுவந்தவர் அவளுக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போனார். வீட்டிலிருந்து அதைப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேலாளர் வரதராஜுலு தாமதமாக வந்தார். உட்கார இடமில்லை. ஏதோ நினைப்பில் திரையிடம், "கொஞ்சம் தள்ளி உட்காரும்மா" என்றார்.

திலோத்தமா பதறிப்போய், வீட்டில் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். திரையில் அவளைக் காணோம். பின்னால் கொடியில் கணவனின் பனியன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நீங்களே உட்காருங்கம்மா" என்று பனியனிடம் கெஞ்சிய மேலாளர் சுவரோரம் போய் நின்றார்.

அவள் திரைக்குள் திரும்பி வந்தபோது எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், போன மாசத்துலேருந்து சொல்ல வர்றேன். ஒரு பனியன் கம்பெனிக்காக நாம ராப்பகலா செஞ்சிட்டிருக்கிற இந்த மென்பொருள் இருக்கே, அது வேண்டாம்னு அவங்க அப்பவே சொல்லிட்டாங்க."

மேலாளருக்கு மூன்று பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள்.