ராணி எழுந்து வந்த இடம்

"செத்துப்போன ராணி எப்படி சார் எந்திரிச்சு வந்தா? அதுக்கு ஒரு காரணம் வேண்டாமா?"

கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பெரியக்கா இதைக் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை கேள்வி அவ்வளவு முக்கியம்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் அது. எட்டு மாதமாக அங்கே வேலை நேரம் முழுக்கச் செல்போனில் 'நீலக்கல் சிம்மாசனம்' என்ற மாயாஜால ஒலித்தொடர் ஓடியது. இன்று காலையோடு எல்லாப் பகுதிகளும் தீர்ந்துவிட்டன. போன் சூப்பர்வைசருடையது. எது ஓட வேண்டும், எங்கே நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறிவிப்புப் பலகையில் இருக்கும் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துகிறவர் என்பதால் அவருக்குப் புலவர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான்.

"காரணமா?" புலவர் சிரித்தார். "காரணமெல்லாம் துப்பறியும் கதைக்கு. இது இலக்கியம். மரணம் ஒரு மாயைன்னு ஆசிரியர் சொல்லாமச் சொல்றார்."

"சொல்லியே தொலைச்சிருக்கலாம்" என்றாள் எதிர்மேசையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த சின்னவள். பெரியக்காவின் ஓரகத்தி. "தளபதிக்கு வெட்டுப்பட்ட கை மறுபடி இருக்கு. 'அட, கை வந்துடுச்சே'ன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? எங்க வீட்டுக்காரர் முடி வெட்டிட்டு வந்தாலே நான் கேப்பேன்."

"அது குறியீடு."

"ராஜாவும் ராணியும் அப்படி உருகினாங்க. நாலு பகுதி போனதும் 'நீங்க யாரு, எந்த ஊரு'ன்னு அவரையே கேக்கறா."

"அதுவும் குறியீடுதான். நெருங்க நெருங்க மனுஷன் அந்நியமாயிடறான்."

"அதுக்குப் பேரு குறியீடு இல்ல சார்" என்றாள் பெரியக்கா. "எங்க வீட்ல தினமும் நடக்குது."

புலவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு அழைப்பு வரும். அந்தத் தொடரை வெளியிடும் நிறுவனம், சிறந்த விமர்சனம் எழுதும் ரசிகருக்குக் கதை ஆலோசகர் வேலை தருவதாக அறிவித்திருந்தது. புலவர் பதினேழு பக்கம் எழுதி அனுப்பினார். தேர்வும் ஆகிவிட்டார். எழுத்தாளர் ஒரு தடவை போனில் பேசிச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்த நம்பிக்கையில் காலையிலேயே ராஜினாமாக் கடிதத்தை மானேஜரிடம் நீட்டிவிட்டார். இரண்டாம் பத்தியைப் படிக்காமலேயே மானேஜர் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டதில் அவருக்குச் சற்று வருத்தம். அந்தப் பத்தியில்தான் உவமை இருந்தது.

"அவங்க சரின்னு சொன்ன பிறகு ராஜினாமா எழுதிக் குடுத்திருக்கலாம் சார்" என்றாள் சின்னவள். "ரெண்டு பிள்ளைங்க படிக்குது உங்களுக்கு."

"தலையணை உறையை எண்ணறதுக்குப் பொறந்தவன் இல்லம்மா நான்."

போன் அடித்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று புலவர் ஒலிபெருக்கியை இயக்கினார்.

"வந்த விமர்சனங்கள்லயே உங்களுதுதான் சார் நீளம்" என்றது நிறுவனத்துப் பெண் குரல். "எழுத்தாளர் சாரும் இணைப்புல இருக்கார்."

"ஒரே கேள்வி" என்றது கனத்த குரல் ஒன்று. "என் கதையில உங்களை உலுக்கின இடம் எது?"

புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ராணி இறந்து, கல்லறையும் கட்டி முடிச்ச பிறகு, ஒரு விளக்கமும் இல்லாம எழுந்து வர்ற இடம். அப்புறம் அந்த முடிவு! மத்தவங்க ஆடு மேய்ச்சவனை அரியணையில ஏத்துவாங்க. நீங்க அரியணையில இருந்தவனை ஆடு மேய்க்க அனுப்பினீங்களே!"

இஸ்திரிப் பெட்டிகூட மூச்சு விடாமல் நின்றது.

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "ராணி எழுந்து வர்ற இடத்தை எழுதினப்போ நான் மூணு நாள் சாப்பிடல. எழுப்பலாமா, வேண்டாமான்னு ஒரே தவிப்பு. கடைசியில அவளா எழுந்துட்டா. அதைப் புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள் நீங்கதான். திங்கட்கிழமையே வந்து சேருங்க."

புலவருக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னவள் கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள்.

"ஐயா, எனக்கும் ஒரு சந்தேகம்" என்று பெரியக்கா போனை நோக்கிக் குனிந்தாள். "ஒவ்வொரு பகுதியிலும் ஆரம்பத்துல வர்ற பேச்சை வளவளன்னு இருக்குன்னு சொல்லி எங்க சார் தள்ளிவிட்டுடுவார். இன்னைக்குக் காலையில அவர் மானேஜர் ரூமுக்குப் போனப்போ, பட்டியல்ல அடியில இருந்த கடைசிப் பகுதியை நாங்களே இன்னொரு தடவை முழுசாக் கேட்டோம். கதை முடியற அன்னைக்குப் போய் எதுக்குங்க 'இன்று தொடங்கும் நமது புதிய தொடருக்கு அன்புடன் வரவேற்கிறோம்'னு சொல்றீங்க?"

"அம்மா..." பெண் குரல் தயங்கியது. "மேலேயிருந்து கீழே கேட்டுக்கிட்டு வந்தீங்களா? புதுசா வர்ற பகுதி மேல போயிடும். முதல் பகுதிதான் அடியில இருக்கும். நம்ம கதையில ஆடு மேய்ச்சவன்தான் ராஜா ஆவான். ராணி செத்தா செத்ததுதான், எழுந்தே வரலையே!"

புலவர் மானேஜர் அறையின் கதவைப் பார்த்தார்.

"சார்," என்று அந்தப் பெண் குழப்பத்தோடு எழுத்தாளரைக் கேட்டாள், "அப்போ நீங்க மூணு நாள் சாப்பிடாம எழுதினது எதை?"

கனத்த குரல் இணைப்பிலிருந்து எப்போதோ போயிருந்தது.