ஒன்றரை விரல்

"இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க."

"இவ்வளவுதானுங்க டாக்டரம்மா வருது" என்றாள் கருப்பாத்தாள்.

பல் டாக்டர் ஹாரிகாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒன்றரை விரல்தான் நுழைந்தது. உள்ளே கன்னம் வெளுத்து, கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டு மாதமாகக் கஞ்சி மட்டும்தானாம். அப்படியும் இடுப்பில் வெற்றிலைப் பை!

மேட்டுப்பாளையத்தில் ஹாரிகாவின் அத்தை பத்மாவதி நடத்தும் பாக்கு மண்டி அது. பாக்கு உரிக்க வரும் பெண்களுக்கு இலவச முகாம் வைக்கச் சொன்னதே அத்தைதான். இருபத்திரண்டு பேரைப் பார்த்ததில் ஒன்பது பேருக்கு வாய்ப்புண்.

"இந்தப் பாக்கு புத்துநோயில கொண்டுபோய் விடும். தெரிஞ்சேதான் மெல்றீங்களா?"

கருப்பாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் உரிக்க உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழ முடியாது, ஒரு வாய் போட்டுக்கொண்டால் பசி தெரியாது, கண்ணும் சொக்காது என்று மெதுவாகச் சொன்னாள்.

ஹாரிகாவைவிட அத்தைக்குத்தான் ஆத்திரம். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

"பையை அவுத்துக் கொட்டுங்க. நாளையிலிருந்து எம்மண்டிக்குள்ள எவ வாயாவது அசைஞ்சா, வேலை கிடையாது. உங்க பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

வெற்றிலையெல்லாம் குப்பைக்குப் போனது. பாக்கு மட்டும் ஒரு முறம் சேர்ந்தது. கருப்பாத்தாள் தன் பையை உதறும்போது கண் கலங்கிவிட்டாள். ஹாரிகா இரங்கவில்லை. முதலாளி என்றால் அத்தை மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் லாரி வந்து நின்றது. மூட்டைகள் ஏறத் தொடங்கின.

"லோடு எங்கீங்க அத்தை போகுது?"

"வடக்க, பான் மசாலா கம்பெனிக்கு, கண்ணு. மாசம் நாலு லோடு. இன்னும் கேட்டுட்டே இருக்கறாங்க."

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த ஹாரிகா அப்படியே நின்றாள்.

லோடுமேன் தம்பிதுரை அந்த முறத்தையும் குப்பையில் கொட்ட எடுத்துப் போனான். அத்தை பதறிப்போய்த் தடுத்தாள்.

"ஏனுங்க தம்பிதுரை, நல்ல பாக்குங்க அது! கடைசி மூட்டையில கொட்டிக் கட்டிப்போடுங்க."